விமானியின் காதும் புல்லு வெட்டுபவரின் காதும்

"அண்ணே, பைலட்மார் போடுற சத்தம் குறைக்கிற ஹெட்செட் ஒண்ணு எடுத்துத் தர ஏலுமா? எவ்வளவு முடியும்?"

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் புல்லு வெட்டும் மெஷின் ஓட்டும் இளைஞர் கேட்ட கேள்வி இது. விமானங்களின் தொடர்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் மெஷினை இறக்கி வைத்த பிறகும் அவருடைய காதுக்குள் ரீங்காரம் அடங்குவதில்லை. அடுத்த காம்பிராவில் பேசும் குரல் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது விளங்கவில்லை. வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

வேண்டாம் என்றேன். காசை மிச்சப்படுத்தச் சொன்ன அறிவுரை அல்ல அது. விமானி அறைக்கென்று செய்த அந்தக் கருவி தேயிலை மலைக்கோ றப்பர்க் காட்டுக்கோ ஏற்றதல்ல. ஆனால் அதைப் போடும் முறை, போடுமுன் செய்யும் சோதனை, போட்டவரைச் சுற்றி இருக்கும் ஒழுங்கு, இவை சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அவசியம் வரவேண்டியவை. இன்று நடப்பது நேர்மாறு. பெயரில் மட்டும் அதே தொழில்நுட்பத்தைச் சுமக்கும் மலிவான புளூடூத் இயர்பட் கடைத்தெருவிலிருந்து மலைக்கு ஏறிவிட்டது. ஒழுங்கு ஏறவில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. ஏறும் நேரத்தில் இறங்கும் இன்னோர் அலையைச் சம அளவில் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூக் இந்த யோசனைக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைத் தலையில் மாட்டும் பொருளாக்க நெடுங்காலம் பிடித்தது. 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்க முடியாத எரிச்சலில், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, பிறகு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற வங்காளி ஒருவரின் மகன் அவர். 1986 டிசம்பரில் 'வொயேஜர்' விமானம் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது, அதன் விமானிகள் இருவரும் போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்செட்டைப் போட்டிருந்தார்கள். 1989இல் அது விற்பனைக்கு வந்தது.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. இந்த மின்னணு வித்தை தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும். சிறிய பயிற்சி விமானமொன்றின் இரண்டு இதழ் விசிறி நிமிடத்துக்கு 2,400 முறை சுற்றினால், இதழ்கள் காற்றை வெட்டும் ஓசை நொடிக்கு 80 அதிர்வு. அவ்வளவு மெதுவான, மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசைக்கு எதிரலை தயாரிக்கக் கருவிக்கு நேரம் இருக்கிறது. அதிர்வு ஏற ஏற அந்த நேரம் சுருங்குகிறது. நொடிக்கு 1,000 அதிர்வைத் தாண்டியதும் மின்னணுவின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்கு மேலுள்ளதைத் தடுப்பது காதை மூடியிருக்கும் கப்பும், அதன் விளிம்பில் இருக்கும் மெத்தை வளையமும்தான்.

இரைச்சல் காதில் முதலில் அரிப்பதோ 3,000 முதல் 6,000 அதிர்வு வரையான பகுதியை. பெரும்பாலும் 4,000ஐச் சுற்றி. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் தெளிவு பெறுவது இந்த மேல் பகுதியால்தான். அதனால்தான் குரல் கேட்டும் சொல் விளங்காமல் போகிறது. உட்காதில் இந்த வேலையைச் செய்யும் மயிரணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. எந்த மருந்தும் அவற்றைத் திருப்பித் தராது.

ஆகவே விமானியாக இருந்தாலும் சரி, விமானத்தில் ஏறும் பயணியாக இருந்தாலும் சரி, ஹெட்செட்டை முதலில் மின்சாரம் இல்லாமல் போட வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். தலைப்பட்டியை முழுவதும் நீட்டிவிட்டு, இரண்டு கப்பும் காது முழுவதையும் உள்ளே வாங்கும்படி வைத்து, பிறகு பட்டியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காது மடல் எங்கும் மடங்கக் கூடாது. கொண்டை, தொப்பி விளிம்பு, தோடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடியின் தடித்த காம்பு, இவற்றில் எது மெத்தைக்கும் தோலுக்கும் இடையே புகுந்தாலும் அந்த இடைவெளி வழியாகச் சத்தம் வந்துவிடும். கண்ணாடி போடுபவர் மெல்லிய கம்பிக் காம்பு வாங்குவது நல்லது. விலையுயர்ந்த ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு தடித்த பிளாஸ்டிக் கண்ணாடியால் அதன் பாதிப் பயனை வீணாக்கும் விமானிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூடல் சரி என்று தெரிந்த பிறகுதான் சுவிச்சைப் போட வேண்டும். இயந்திரத்தின் தாழ்ந்த முழக்கம் சட்டென்று விலகும். ஒரு காதில் விலகி மறு காதில் விலகாவிட்டால் பற்றரியையும் அந்தப் பக்கத்து மெத்தையையும் பாருங்கள். சில நேரம் காதுக்குள் அமுக்குவதுபோல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் பழகிவிடும். பற்றரி தீர்ந்தால் தரமான விமான ஹெட்செட் ஊமையாகிவிடாது. வானொலிக் குரல் தொடர்ந்து கேட்கும், மெத்தையின் காப்பும் இருக்கும். முழக்கம் மட்டும் திரும்பி வரும். தரையிறங்கும் நேரத்தில் அது திடீரென்று வந்தால் புதியவர் பதறிப்போவார். எனவே மாற்றுப் பற்றரி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைக்குள் இருந்து பயனில்லை.

மைக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், எல்லோரும் பிழை விடும் இடம் அது. விமான மைக்கின் இரு பக்கமும் திறந்திருக்கும். இரு பக்கமும் சமமாக வரும் சத்தத்தை அது கழித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பலமாக வருவதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அது உதட்டுக்கு மிக அருகில், ஒரு விரல் தடிப்புக்குள், வாயின் ஓரமாக இருக்க வேண்டும். பேசும் பக்கம் என்று குறியிட்ட முகம் உதட்டைப் பார்க்க வேண்டும். நாடிக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கத்தினால், கத்தலும் இயந்திரமும் ஒரே தூரத்தில் நிற்கும். கருவி இரண்டையும் சேர்த்துக் கழித்துவிடும். அருகே வைத்துச் சாதாரணக் குரலில் பேசுங்கள். அடுத்து இன்டர்கொம்மின் ஸ்குவெல்ச், அதாவது பேச்சில்லாத நேரத்தில் மைக்கின் இரைச்சலை அடைக்கும் திருகு. யாரும் பேசாத நேரத்தில் இரைச்சல் அடங்கும் புள்ளி வரை மட்டும் அதைத் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லும் வெட்டுப்படும்.

சத்தத்தைக் குறைத்த மகிழ்ச்சியில் கேட்க வேண்டியதையும் குறைத்துவிடக் கூடாது. எல்லா அபாய ஒலியும் ஹெட்செட்டின் கம்பி வழியே வருவதில்லை. பல செஸ்னா விமானங்களில் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறையும்போது எழும் எச்சரிக்கை, இறக்கையில் பொருத்திய ஊதுகுழலிலிருந்து காற்று வழியே காதுக்கு வருகிறது. இயந்திரத்தின் ஒலியில் வரும் சிறு பிசகும் அப்படித்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007இல் விமான நிறுவனங்களுக்கு விடுத்த அறிவிப்பொன்றில், சத்தம் ஒடுக்கும் ஹெட்செட் போட்ட நிலையில் எச்சரிக்கை ஒலிகள் கேட்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கும்படி சொன்னது. நல்ல பயிற்சியாளர் தரையிலேயே இதைச் செய்து காட்டுவார். ஹெட்செட்டில் புளூடூத் இருக்கிறது என்பதற்காக ஓடுபாதையில் பாட்டுப் போடுபவருக்கு நான் பழுதுபார்த்துக் கொடுக்க விரும்புவதில்லை.

இதெல்லாம் இரத்மலானையில் பயிற்சி பெறும் சிலருக்கான செய்தி, தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சப்ரகமுவ மக்கள் ஹெலிகொப்டரை விளையாட்டுக்குப் பார்த்தவர்கள் அல்லர். 2003 மே மாத வெள்ளத்தில் இரத்தினபுரி மூழ்கியது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமொன்றும் மண்ணுக்குள் போனது. 2017 மே மாதத்தில் களுகங்கை மறுபடி கரையை மீறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் டொக்டர், கிராம சேவகர், இடத்தைக் காட்டத் தெரிந்த தோட்டத்து ஆள் என்று யாரும் திடீரென்று ஹெலிகொப்டரில் ஏற நேரலாம். கையில் ஒரு ஹெட்செட்டைத் திணிப்பார்கள். அப்போது மேலே சொன்ன ஒழுங்கு அப்படியே உதவும்: மூடலைப் பாருங்கள், மைக்கை உதட்டோரம் கொண்டுவாருங்கள், விமானி சைகை காட்டும்வரை பேசாதீர்கள். கழற்றிக்கொண்டு இறங்கும்போது கம்பி கதவில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய ஹெட்செட்டைத் தானே கொண்டுபோய்ச் செருகலாம் என்றும் எண்ண வேண்டாம். சிறு விமானங்களில் காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு பிளக். ஹெலிகொப்டர்களில் பெரும்பாலும் ஒரே பிளக். பிளக்கை மாற்றும் துண்டு கிடைக்கும். ஆனால் இராணுவ ஹெலிகொப்டர்களின் மின்தடை அளவே பல நேரம் வேறு. செருகியும் குரல் ஈனமாகக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. மி-17 போன்ற சோவியத் வடிவமைப்புகளில் தொண்டையில் கட்டும் மைக் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அங்கே உதட்டோர மைக்குக்கே வேலையில்லை.

இனி மலைக்கு ஏறுவோம்.

சப்ரகமுவ தாழ்நிலத் தேயிலையும் றப்பரும் கலந்த மண். மழை நின்ற மறுநாளே புல் இடுப்பளவு நிற்கும். 2015இல் கிளைபோசேட் களைகொல்லிக்குத் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில் களையை அடக்க எஞ்சியிருந்தவை கையும் மெஷினும். கையோ குறைந்துகொண்டே போகிறது. இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். மெஷின் நிலைத்துவிட்டது. இன்று பெல்மதுளையிலிருந்து தெரணியகலை வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது பறவை அல்ல.

புல்லு வெட்டும் மெஷின் ஓட்டுபவரின் காதருகே சாதாரணமாக 95 டெசிபெல்லைத் தாண்டும். 100ஐத் தொடுவதும் உண்டு. பட்ட றப்பர் மரம் அறுக்கும் செயின் சோ அதற்கும் மேலே. டெசிபெல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கல்ல. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது பல நாடுகளின் தொழில் சுகாதார அமைப்புகள் வைத்திருக்கும் எல்லை. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று, 97 என்றால் அரை மணி. 100 டெசிபெல்லில் கிடைப்பது பதினைந்து நிமிடம். காலையில் மெஷினைத் தூக்கித் தோளில் மாட்டி, பெற்றோல் டாங்கியை இரண்டாம் முறை நிரப்பும் முன்னரே அந்த நாளுக்கான கணக்கு முடிந்துவிடுகிறது.

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டட்டும் என்று சில தோட்டங்களில் யோசனை சொல்வார்கள். முதுகுக்கும் கைக்கும் அது நல்லது. காதுக்கு? நேரம் பாதியானால் கிடைக்கும் சலுகை வெறும் 3 டெசிபெல். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றினால் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஸ்டோரிலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலும், இதே கதைதான். வாட்டும் தொட்டிகளின் விசிறி, ரோலர், சல்லடை, டிரையர், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று சத்தத்துக்குப் பல தாய்கள். அதில் ஒரு பங்கு தேய்ந்த பேரிங், ஆணி கழன்று அதிரும் தகரம், இழுத்துக் கட்டாத பெல்ட். இவற்றைச் சரிசெய்வது காதுக்கு மட்டுமல்ல, மின்சாரச் செலவுக்கும் நல்லது. டீமேக்கரும் ஃபிட்டரும் மனம் வைத்தால் ஒரு கிழமையில் முடியும் வேலை. எந்த இயர் மஃப்பையும் வாங்குமுன் இதைச் செய்திருக்க வேண்டும்.

அளக்கக் கருவி இல்லை என்பது சாக்கு. ஒரு கை நீள தூரத்தில் நிற்பவருடன் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 85ஐத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளவுச் செயலியை இறக்கிப் பார்க்கலாம். சட்டத்துக்குச் சாட்சியாகாது, பேச்சைத் தொடங்கப் போதும்.

இப்போது அந்த இயர்பட். இரைச்சல் நீக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். மெஷினின் தாழ்ந்த முழக்கத்தை அது ஓரளவு விழுங்கும் என்பது உண்மை. ஆனால் நிமிடத்துக்கு எண்ணாயிரம் முறை சுற்றும் சிறிய எஞ்சினின் புகைக்குழாயும், கல்லிலும் தண்டிலும் மோதும் வெட்டுத் தகடும் கக்குவதில் பெரும்பங்கு அது எட்டாத மேல் அதிர்வுகளில் இருக்கிறது. காதைக் கெடுக்கும் பகுதி அப்படியே உள்ளே போகிறது. தொல்லை தரும் பகுதி மட்டும் குறைவதால் காது காக்கப்படுகிறது என்ற நம்பிக்கை வருகிறது. அதற்கு மேல் பாட்டு. மெஷினை மீறிக் கேட்க வேண்டுமென்று பாட்டின் சத்தத்தை ஏற்றுகிறார்கள். இரண்டு இரைச்சல் ஒரே காதுக்குள். இவை தொழிலாளர் காதுக் காப்புக்கென்று சோதித்துச் சான்று பெற்ற பொருட்கள் அல்ல. செவியைக் காப்பதாக நினைத்து இதைப் போடுவதைவிடப் போடாமலிருப்பது மேல் என்றே சொல்வேன். போடாதவருக்குத் தன் காது கெடுகிறது என்றாவது தெரியும்.

உயிராபத்து வேறு இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவர் எவருக்கும் 'குளவி' என்ற கூச்சல் என்னவென்று தெரியும். தேயிலைச் செடிக்குள்ளும் நிழல் மரத்திலும் கூடு இருக்கும். மெஷின் பட்டுக் கலைந்தால் ஓடுவதற்குக் கிடைப்பது சில நொடிகள். கூச்சல் கேட்காதவர் அந்த நொடிகளை இழக்கிறார். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். குழியில் ஊறும் நீரை இறைக்கப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே இருப்பவரின் குரல் மேலே நிற்பவரின் காதுக்கு அந்தப் பம்ப்பைத் தாண்டி வர வேண்டும். மேலே நிற்பவர் ஒரு காதில் பாட்டுக் கேட்டால் கீழே இருப்பவர் தனியாள். மண்சரிவு பகுதிகளில் இரவில் கேட்கும் வழமையற்ற சத்தத்தைக் கவனிக்கச் சொல்கிறோம். முப்பது வயதிலேயே செவி மங்கியவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

அப்படியானால் என்ன போடுவது? சாதாரண இயர் மஃப், அல்லது நுரை இயர் பிளக். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் டெசிபெல் அளவை அப்படியே நம்பக் கூடாது. ஆய்வுகூடத்தில் நிபுணர் பொருத்தி அளந்த எண் அது. மேலே சொன்ன அதே அமெரிக்க நிறுவனத்தின் ஆலோசனை, மஃப் என்றால் கால் பங்கையும், நுரை பிளக் என்றால் பாதியையும் கழித்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கழிவுக்குக் காரணம் பெரும்பாலும் பொருத்தும் விதம். நுரை பிளக்கைச் சுத்தமான விரலால் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் காதுக் குழாய் நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே உங்களுக்கு உள்ளிருந்து ஒலிக்கும். வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளக் எதையும் தடுக்காது. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது. இரத்தினபுரியின் ஈரத்தில் நுரை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். காதில் சீழ் வந்தவருக்கு மஃப்தான் வழி.

மிக உயர்ந்த அளவுள்ள காப்பு வாங்கினால் நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. 95 டெசிபெல் சத்தத்தைக் காதுக்கருகே 75, 80 என்று இறக்கினால் போதும். அதற்குக் கீழே கொண்டுபோனால் மனிதக் குரலும் மறைந்துவிடும். ஆள் தனிமைப்பட்டுப்போவார், கழற்றிவிடுவார். கழற்றுவதுதான் உண்மையான எதிரி. 30 டெசிபெல் காப்பு ஒன்றை எட்டு மணி நேர வேலையில் அரை மணி மட்டும் கழற்றினால் அன்று கிடைத்த காப்பு 30 அல்ல, 28 அல்ல, 12. சந்தேகமுள்ளவர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: கழற்றிய அரை மணி நேரத்தில் உள்ளே போன ஆற்றல், மூடியிருந்த ஏழரை மணி நேரத்தை முழுங்கிவிடுகிறது. வியர்வையில் கழற்றுகிறார்கள், வெற்றிலை போடக் கழற்றுகிறார்கள், கங்காணி பேசும்போது கழற்றுகிறார்கள். நாள் முழுவதும் இருக்கும் எளிய மஃப், அடிக்கடி கழலும் உயர்ந்த மஃப்பைவிடப் பயன் தரும். பேசக் கழற்ற வேண்டுமானால் முதலில் மெஷினை நிறுத்துங்கள்.

விமானி அறையிலிருந்து இங்கே கொண்டுவர வேண்டியது இப்போது தெளிவாகும். புல்லு வெட்டும் குழுவில் ஒருவர் காதை மூடாமல், மெஷின்களுக்கு எட்ட நிற்க வேண்டும். குளவியோ ஆபத்தோ என்றால் அவர் கத்திப் பயனில்லை. சிவப்புத் துணியை உயர்த்த வேண்டும், மெஷின்காரர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்கப் பழக வேண்டும். மெஷின்காரரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது, முன்னால் வந்துதான் நிறுத்தச் சொல்ல வேண்டும். வேலை தொடங்குமுன் ஒருவர் மற்றவரின் மஃப் மூடலைப் பார்க்க வேண்டும். விமானிகள் புறப்படுமுன் பட்டியல் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். பெரட்டுக்களத்தில் அதற்கு மூன்று நிமிடம் போதும்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதல் இருக்கிறது. ஸ்டோருக்குள் அதைக் காட்டிக் கேட்கலாம். 1996இல் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் காணி எல்லையில் சத்தத்தை அளக்கின்றன. பிரதேச சபைப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல் என்ற எல்லை பக்கத்து வீட்டாரின் நிம்மதிக்கானது. எல்லைக்குள் மெஷினைத் தோளில் மாட்டியிருப்பவரை அது எண்ணுவதில்லை. மலையில் புல்லு வெட்டுபவரோ பல இடங்களில் கொந்தராத்துக்காரரின் ஆள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். மெஷினும் பெற்றோலும் அந்தக் கணக்கில் இருக்கும், காது இருக்காது. கேட்டால் தோட்டம் கொந்தராத்துக்காரரைக் காட்டும், அவர் தோட்டத்தைக் காட்டுவார். இயர் மஃப்பைக் கொடுத்துப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களையும் கண்டிருக்கிறேன். பொருத்தக் கற்றுக்கொடுக்காமல் வாங்கிய கையெழுத்து தொழிலாளரின் காதைக் காக்காது, நிர்வாகத்தின் கோப்பைத்தான் காக்கும்.

தொழில்முறை விமானி உரிமம் பெறும்போதே செவிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சர்வதேச விதி. பிறகு நாற்பது வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது, நாற்பதுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது. விமானியின் காது கெட்டால் விமானத்துக்கு ஆபத்து என்பதால் வந்த விதி அது. பத்து வருடம் ரோலர் அறையில் நின்றவர்களிடமும் மெஷின் ஓட்டியவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். செவிப் பரிசோதனை என்ற ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. முதல் நாளில் அளந்து வைக்காத காது கெட்டால், அது வேலையால் கெட்டது என்று நட்டஈட்டுக்குப் போய் நிரூபிப்பது எப்படி?

சம்பளப் பேச்சுக்கு மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்களிடம் இந்தக் கட்டுரை வைக்கும் கோரிக்கை இது: நாட்சம்பளத்தோடு இன்னொரு வரியையும் எழுதி வையுங்கள். ஸ்டோரில் நிற்பவருக்கும் மெஷின் ஓட்டுபவருக்கும், கொந்தராத்து ஆளாக இருந்தாலும், வேலைக்குச் சேரும்போது ஒரு செவிப் பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்று. அறிக்கையின் பிரதி தொழிலாளரின் கையில். ஒருவருக்கு இருபது நிமிடம் போதும். பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காது இரைச்சலிலிருந்து விலகி ஓய்ந்திருக்க வேண்டும் என்பதால், அதைக் காலைப் பெரட்டு முடிந்த கையோடு, மெஷினைத் தொடுமுன் செய்ய வேண்டும்.

(கட்டுரையாளர், விமான மின்னணுத் தொடர்புக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர்)